ஸ்கூபா டைவிங்: கேஜ்களும் மாற்றுக் கருவிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீருக்கடியில் இருக்கும் டைவருக்கு நான்கு விஷயங்கள் தெரிந்தே ஆகவேண்டும்: சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், இறங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று, எந்தத் திசையில் போகிறோம். கருவி வாங்கும்போது திரையின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன், இந்த நான்கில் ஒவ்வொன்றையும் எடுத்து, "25 மீட்டரில் இது அணைந்துபோனால் எதைப் பார்த்து மேலே வருவேன்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாத இடத்தில் மாற்றுக் கருவி தேவை. முதல் கருவி எந்தக் காரணத்தால் பழுதாகுமோ அதே காரணத்தால் அந்த மாற்றும் பழுதாகக் கூடாது.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் எதை வாங்க வேண்டும்?

மணிக்கட்டில் கட்டும் ஒரு டைவ் கம்ப்யூட்டர் (ஆழம், நேரம், உடலில் சேரும் நைட்ரஜன் ஆகியவற்றைக் கணக்கிடும் கருவி), டயல் வைத்த ஒரு பிரஷர் கேஜ், ஒரு காம்பஸ். இவற்றோடு ஒரு டைவ் வாட்ச் இருந்தால், 18 மீட்டருக்குள் டீகம்ப்ரெஷன் நிறுத்தம் (உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, மேலேறும் வழியில் நிற்கும் கட்டாய நிறுத்தம்) தேவைப்படாத டைவ்களுக்குப் போதும். கம்ப்யூட்டரை முதலில் வாங்குங்கள். வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டரில் முந்தைய நாள் டைவ் செய்த வேறொருவரின் நைட்ரஜன் கணக்கு இருக்கலாம். உங்கள் கணக்கு இருக்காது. பட்டன்களின் வரிசையும் நீருக்கடியில் உடனே நினைவுக்கு வராது. வாடகைப் பிரஷர் கேஜில் இந்தச் சிக்கல் இல்லை, ஊசியைப் படிக்க யாருக்கும் தெரியும்.

டயல் கேஜா, டிரான்ஸ்மிட்டரா?

இரண்டையும் வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் டயல் கேஜ்.

டயல் கேஜுக்குள் இருப்பது போர்டன் குழாய். வளைந்த தட்டையான உலோகக் குழாய் அது. உள்ளே அழுத்தம் ஏறும்போது நிமிரப் பார்க்கும், அந்த அசைவுதான் ஊசியைத் திருப்புகிறது. யூஜின் போர்டன் 1849இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பேட்டரி இல்லை, சிக்னல் இல்லை.

டிரான்ஸ்மிட்டர், ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் (சிலிண்டர் வால்வில் பொருத்தி காற்றழுத்தத்தைக் குறைத்துத் தரும் பகுதி) ஹை பிரஷர் போர்ட்டில் திருகப்பட்டு, சில விநாடிகளுக்கு ஒருமுறை அழுத்தத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. மிச்சக் காற்று எத்தனை நிமிடத்துக்கு வரும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்வது உண்மையிலேயே பயனுள்ள வசதி. ஆனால் பேட்டரி தீரும், இணைப்பு அறும், பக்கத்தில் கேமரா ஃப்ளாஷ் அல்லது நீருக்கடி ஸ்கூட்டரின் மோட்டார் ஓடினால் சில மாடல்களில் சிக்னல் விட்டுப்போகும். கம்ப்யூட்டர் இருக்கும் கைப்பக்கத்துப் போர்ட்டில் பொருத்தினால் இந்தத் தொல்லை குறையும்.

இன்னொரு வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்காமல் இருந்தால், டயல் கேஜின் ஊசி ஒவ்வொரு மூச்சுக்கும் கீழே சரிந்து மறுபடி ஏறும். விட்டுவிட்டு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் இந்த ஆட்டத்தைப் பெரும்பாலும் தவறவிடும். இறங்குவதற்கு முன் டயலைப் பார்த்தபடி நான்கு முறை ஆழமாக இழுங்கள். ஊசி அசையாமல் நின்றால் வால்வு திறந்திருக்கிறது. அரைகுறையாகத் திறந்த வால்வு மேற்பரப்பில் போதுமான காற்றைத் தரும், 20 மீட்டரில் திணறடிக்கும்.

பெரும்பாலான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்களில் ஹை பிரஷர் போர்ட் இரண்டு உண்டு. ஒன்றில் டிரான்ஸ்மிட்டர், மற்றதில் 60 செ.மீ. அளவிலான ஹோஸில் ஒரு சிறிய டயல் கேஜ், இடுப்பின் இடப்பக்க டி-ரிங்கில் கொக்கியால் மாட்டியது. கொக்கியை உலோக வளையத்தால் கட்டாமல் நைலான் கயிற்றால் கட்டுங்கள். சிக்கிக்கொண்டால் கத்தியால் அறுத்துவிடலாம்.

என் கேஜ் உண்மையைக் காட்டுகிறதா என்று எப்படித் தெரியும்?

வால்வைத் திறப்பதற்கு முன் ஊசி பூஜ்யத்தில் நிற்க வேண்டும். காற்று இல்லாதபோதே 20 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) காட்டினால், அந்த 20 பார் பிழை 200இலும் இருக்கும், 50இலும் இருக்கும். 50 என்று காட்டும்போது உங்களிடம் 30தான் இருக்கலாம். "கழித்துக்கொண்டால் போகிறது" என்று அதைத் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். பூஜ்யம் நகர்ந்துவிட்ட குழாய் ஒருமுறை வளைந்துவிட்ட குழாய், அடுத்து எவ்வளவு நகரும் என்று சொல்ல முடியாது.

வால்வைத் திறக்கும்போது டயலின் முகத்தை உங்களிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் விலக்கிப் பிடித்து, மெதுவாகத் திறங்கள். உள்ளே குழாய் கசிந்தால் பெட்டிக்குள் அழுத்தம் ஏறும். அதை வெளியேற்றக் கேஜில் ஒரு பாதுகாப்பு அடைப்பு இருக்கும். ரப்பர் உறையை ஒட்டி அதை மூடிவிடக் கூடாது.

டைவ் முடிந்து வால்வை மூடியபின், வாயில் வைக்கும் பகுதியின் பர்ஜ் பட்டனை (காற்றை வெளியேற்றும் பட்டன்) மெல்ல அழுத்திக் காற்றை வெளியேற்றிக்கொண்டே ஊசியைக் கவனியுங்கள். வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். எங்கேயாவது தயங்கி, பிறகு குதித்தால் உள்ளே நீர் புகுந்து துரு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. கண்ணாடிக்குள் நீராவி படிந்திருந்தாலும் அதே பொருள்தான். இரண்டிலும் கேஜை மாற்றுவதே சரி.

வருடத்துக்கு ஒருமுறை, சர்வீஸ் செய்பவரிடம் இருக்கும் சரிபார்ப்புக் கேஜோடு 50, 100, 200 பார்களில் ஒப்பிடச் சொல்லுங்கள். 50இல் எவ்வளவு பிழை என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

50 பார் மிச்சம் வைத்து மேலே வந்தால் போதும்தானே?

ஆழத்தைப் பொறுத்தது. 12 லிட்டர் சிலிண்டரோடு 30 மீட்டரில் இருக்கும்போது துணை டைவருக்குக் காற்று தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 25 லிட்டர், இருவருக்கு 50 லிட்டர். 30 மீட்டரில் அழுத்தம் 4 பார். நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம் என்றால் 200 லிட்டர். மேலே வர 4 நிமிடம், சராசரி அழுத்தம் 2.5 பார்: 500 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தம், 1.5 பார்: 225 லிட்டர். மொத்தம் 925 லிட்டர். 12ஆல் வகுத்தால் 77 பார்.

ஆக, 30 மீட்டரிலிருந்து கிளம்பக் குறைந்தது 80 பார் வேண்டும். கேஜில் 10 பார் பிழை இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டால் 90. இதே கணக்கை 12 மீட்டருக்குப் போட்டால் 50 பாரே போதுமானதாக வரும். உங்கள் ஆழத்துக்கும் சிலிண்டருக்கும் இதைப் போட்டு, வரும் எண்ணை இறங்குவதற்கு முன் துணை டைவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் கேஜ் பாரிலும் அவருடையது பிஎஸ்ஐயிலும் இருந்தால், 50 பார் ஏறக்குறைய 725 பிஎஸ்ஐ, 200 பார் ஏறக்குறைய 2900 பிஎஸ்ஐ.

கேஜும் ஹோஸும் சேரும் இடத்தில் பொடிக் குமிழிகள் வருகின்றன. ஆபத்தா?

அந்த டைவில் உடனடி ஆபத்து இல்லை. அடுத்த டைவுக்கு முன் சரிசெய்தாக வேண்டும். அங்கே உள்ளே, கேஜ் சுழல்வதற்காக, தீக்குச்சியை விடக் கொஞ்சம் பருமனான ஒரு உலோகத் தண்டு இருக்கிறது. அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்). கேஜ் சுழலச் சுழல அவை தேயும். பெரும்பாலான கேஜ்களில் 003 அளவு, ஆனால் உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சிலிண்டரில் இருந்தால் வால்வை மூடி, பர்ஜ் செய்து, ஊசி பூஜ்யத்துக்கு வந்துவிட்டதைப் பாருங்கள். இரண்டு ஸ்பேனர் எடுத்து, ஒன்றால் கேஜின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதால் ஹோஸ் நட்டைத் திருப்புங்கள். கேஜின் உடலைக் கையால் பிடித்து முறுக்கினால் கழுத்து தளர்ந்துவிடும். தண்டை நேராக வெளியே இழுங்கள். பழைய ஓ-ரிங்குகளைப் பித்தளை அல்லது பிளாஸ்டிக் ஊசியால் எடுங்கள், இரும்பு ஊசி தண்டில் கீறல் போட்டுவிடும். கீறல் விழுந்த தண்டில் எந்த ஓ-ரிங்கும் காற்றைத் தாங்காது. ஆகவே தண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கோடு தெரிந்தால் தண்டையும் மாற்றுங்கள். புதிய ஓ-ரிங் இரண்டையும் ஆக்சிஜனுக்கு ஏற்ற கிரீஸ் மிக மெல்லியதாகத் தடவிப் பொருத்துங்கள். பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம். அது சில வகை ரப்பரை ஊதவைக்கும், ஆக்சிஜன் அதிகமான வாயுவோடு தீப்பற்றவும் கூடும். கையால் இறுக்கி, ஸ்பேனரால் சற்றே நிமிண்டினால் போதும். பிறகு அழுத்தம் ஏற்றி, வாளி நீரில் அமிழ்த்தி ஐந்து நிமிடம் பாருங்கள்.

இரண்டு ஓ-ரிங்கும் ஒரு உபரித் தண்டும் பயணப் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். இவ்வளவு சின்னப் பொருளுக்காக ஒரு நாள் டைவிங்கையே இழக்க நேர்வது உண்டு.

ஹை பிரஷர் ஹோஸ் வெடித்தால் எல்லாக் காற்றும் போய்விடுமா?

சத்தம் பயமுறுத்தும், ஆனால் அந்த ஹோஸின் முனையில் ஊசித்துளை அளவு ஓட்டைதான் உண்டு. லோ பிரஷர் ஹோஸ் அறுவதை விட இதில் காற்று மெதுவாகவே போகும். துணை டைவரை நெருங்கி, டைவை அங்கேயே முடித்து, சீரான வேகத்தில் மேலே வாருங்கள்.

கன்சோல் நல்லதா, மணிக்கட்டு நல்லதா?

மணிக்கட்டு. பிரஷர் கேஜ், கம்ப்யூட்டர், காம்பஸ் மூன்றும் ஒரே கன்சோலில் (ஹோஸின் முனையில் தொங்கும் பெட்டி) இருந்தால் ஒரே ஹோஸில் வரும் பழுதுக்கு எல்லாமே கையைவிட்டுப் போகும். கனமான கன்சோல் தொங்கிப் பவளத்தில் உராயும். மேலேறும்போது ஒரு கை பிசிடியின் (மிதப்பைக் கட்டுப்படுத்தும் சட்டை) காற்றை வெளியேற்றும் பட்டனில் இருக்கும். அதே நேரம் ஆழத்தைப் பார்க்க மணிக்கட்டுதான் வசதி. வாடகைக் கருவிகளில் கன்சோல் கிடைத்தால் அதைச் சட்டைக்குள் செருகியோ மார்புப் பக்கம் மாட்டியோ வையுங்கள்.

இரண்டாவது கம்ப்யூட்டர் எப்போது அவசியம்?

30 மீட்டரைத் தாண்டும்போதும், டீகம்ப்ரெஷன் நிறுத்தம் வரும் டைவ்களிலும் அது கட்டாயம் என்றே கொள்ளுங்கள். ஒரே பயணத்தில் பல நாள், நாளுக்கு மூன்று நான்கு டைவ் என்றிருந்தாலும் வாங்குவது நியாயம். கம்ப்யூட்டர் இறந்தால் உங்கள் உடலில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் கணக்கும் அதோடு போய்விடும், மீதி நாள்கள் கரையில்தான்.

அது மாற்றுக் கருவியாக வேலைசெய்ய ஒரு நிபந்தனை உண்டு: முதல் டைவிலிருந்தே அதுவும் உங்கள் உடம்போடு நீரில் இருந்திருக்க வேண்டும். பையில் புதிதாகத் தூங்கிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் உங்களை அன்றுதான் முதன்முதலாக இறங்குபவராக நினைத்து, தாராளமான நேரம் தரும்.

ஒரே கணக்குமுறை கொண்ட இரண்டு கம்ப்யூட்டர்களையே பரிந்துரைக்கிறோம். ஒன்று பியூல்மான், மற்றொன்று ஆர்ஜிபிஎம் என நைட்ரஜனைக் கணக்கிடும் இரு வேறு முறைகளில் ஓடினால் நிறுத்த ஆழமும் நேரமும் ஒத்துவராது. பியூல்மான் கம்ப்யூட்டர்களில் கிரேடியன்ட் ஃபேக்டர் (எவ்வளவு எச்சரிக்கையாகக் கணக்கிட வேண்டும் என்ற செட்டிங்) இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் 40/85 என்றால் மற்றதிலும் 40/85. வேறுபட வேண்டியது மின்சாரம்: ஒன்று சார்ஜ் செய்வது, மற்றது பேட்டரி மாற்றுவது. இரண்டும் சார்ஜ் வகையாக இருந்து, முந்தின இரவு மின்சாரம் இல்லாமல் போனால், காலையில் இரண்டும் சேர்ந்தே காலி.

கம்ப்யூட்டருக்குப் பதிலாக பாட்டம் டைமரும் டேபிளும் போதாதா?

ஒரே ஆழத்தில் நிற்கும் டைவ்களுக்குப் போதும். பல ஆழங்களில் நகரும் டைவ்களில் போதாது. டேபிள், அதாவது எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்ற அச்சிட்ட அட்டவணை, நீங்கள் தொட்ட அதிகபட்ச ஆழத்தையே முழு நேரத்துக்கும் எடுத்துக்கொள்ளும். டைவிங் பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) பொழுதுபோக்கு டேபிளில் 18 மீட்டருக்கு 56 நிமிடம், 30 மீட்டருக்கு 20 நிமிடம். 30 மீட்டரில் 10 நிமிடம் இருந்துவிட்டு 14 மீட்டரில் அரை மணி சுற்றினால், கம்ப்யூட்டர் நிம்மதியாக இருக்கும். டேபிளோ 30 மீட்டரில் 40 நிமிடம் என்று கணக்கிட்டு, எப்போதோ எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று சொல்லும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் இறந்தால் டேபிளால் கணக்கைத் தொடர முடியாது. டைமர் ஆழத்தையும் நேரத்தையும் காட்டி, பத்திரமாக மேலே கொண்டுவரும். அடுத்த டைவை மீட்டுத் தராது.

உங்கள் இரண்டாவது கம்ப்யூட்டரைக் கேஜ் மோடில் (ஆழமும் நேரமும் மட்டும் காட்டும் நிலை) ஓட்டும் எண்ணம் இருந்தால் கையேட்டைப் படியுங்கள். பல மாடல்கள் கேஜ் மோடில் ஒரு டைவ் செய்தபின் ஒரு நாளோ இரண்டு நாளோ சாதாரண மோடுக்குத் திரும்ப விடாது.

இரண்டு கம்ப்யூட்டரும் வெவ்வேறு எண் காட்டினால்?

அதிக எச்சரிக்கையாக இருப்பதைப் பின்பற்றுங்கள். அதைக் கண்டுகொள்ளாமல் மேலே வந்தால் அது விதிமீறல் நிலைக்குப் போய், மாடலைப் பொறுத்து 24 அல்லது 48 மணிநேரம் பூட்டிக்கொள்ளும். பிறகு உங்களிடம் மாற்றுக் கருவி இல்லை.

ஆழத்தில் சின்ன வித்தியாசம் இயல்பு. கம்ப்யூட்டர் அளப்பது அழுத்தத்தை; அதை மீட்டராக மாற்ற நீரின் அடர்த்தியை ஊகிக்கிறது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 13319 படி அமைந்த கருவி 10 மீட்டரை 1 பார் என்று கொள்கிறது. அது நன்னீரில் உண்மையான 30 மீட்டரை ஏறக்குறைய 29.4 என்று காட்டும். ஒன்றில் உப்புநீர், மற்றதில் நன்னீர் என்று செட்டிங் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நீருக்கடியில் இருக்கிற ஒரே கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. என்ன செய்ய?

துணை டைவருக்குச் சைகை காட்டி டைவை முடித்துவிடுங்கள். அவருடைய கம்ப்யூட்டரைப் பார்த்து நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல் ஏறுங்கள். அதுவும் இல்லையென்றால், உங்கள் மூச்சின் மிகப் பொடியான குமிழிகளை முந்தாதீர்கள். 5 மீட்டரில் 3 நிமிடத்தோடு நிற்காமல், காற்று இடம்கொடுக்கும் வரை இருங்கள். மேலே அனுப்பும் மிதவையின் கயிற்றில் 5 மீட்டரில் ஒரு முடிச்சு முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால், இருட்டிலும் விரலால் தடவி ஆழத்தை அறியலாம். பேட்டரியே வேண்டாத ஆழமானி அது. அதன்பின் 24 மணிநேரம் இறங்க வேண்டாம்.

துணை டைவரின் கம்ப்யூட்டரை "பொதுவாக" வைத்துக்கொண்டு அடுத்த டைவுக்குப் போவது சரியல்ல. அவர் உங்களுக்கு 4 மீட்டர் மேலே இருந்திருக்கலாம், காலை டைவில் அவர் இல்லாமலும் இருந்திருக்கலாம். அது அவர் உடம்பின் கணக்கு.

காம்பஸ் வாங்கும்போது எதைக் கவனிப்பது?

சாய்த்தாலும் சுழல வேண்டும். மலிவான காம்பஸை 10 பாகை சாய்த்தால் வட்டு ஒட்டிக்கொள்ளும். நல்லதில் 30 பாகை வரை தாராளமாக ஓடும். பூமியின் காந்தப்புலம் வடதுருவப் பக்கம் ஒரு மாதிரியும் தென்துருவப் பக்கம் வேறு மாதிரியும் செங்குத்தாகச் சாய்வதால், வடக்கு அரைக்கோளத்துக்குச் சமன்செய்த ஊசி தெற்கில் முட்டிக்கொள்ளும். இரு பக்கமும் டைவ் செய்பவர் எங்கும் வேலைசெய்யும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

டார்ச், ஸ்டீல் சிலிண்டர், காந்த ஸ்விட்ச் உள்ள கேமரா உறை, ஏன், பக்கத்தில் கட்டிய கம்ப்யூட்டர்கூட ஊசியை இழுக்கும். கரையில் காம்பஸை வைத்து, ஒவ்வொரு கருவியாக அருகே கொண்டுவந்து எவ்வளவு தூரத்தில் ஊசி அசைகிறது என்று பாருங்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் காம்பஸ் படிக்க அருமையாக இருக்கும், ஆனால் பேட்டரி மாற்றியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் போனால் அதுவும் போகும்.

டைவ் வாட்ச் இன்னும் தேவையா?

மாற்றுக் கருவிகளில் மிக எளியது அதுதான். ஐஎஸ்ஓ 6425 தரம் உள்ளதா என்று பாருங்கள். அது குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும் என்கிறது. '30 மீட்டர்' என்று பொறித்த சாதாரணக் கடிகாரம் டைவிங்குக்கு ஆனதல்ல. முகப்பைச் சுற்றியுள்ள, கழிந்த நேரத்தைக் குறிக்கும் வளையம் ஒரே பக்கம் மட்டும் திரும்ப வேண்டும். எதிலாவது இடித்துத் திரும்பினாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது.

நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலான காற்று) டைவில் மாற்றுக் கருவிக்குத் தனியாக ஏதாவது உண்டா?

இரண்டு கம்ப்யூட்டரிலும் ஆக்சிஜன் சதவீதத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் புதிதாகப் பதியுங்கள். சில மாடல்கள் டைவுக்குப் பிறகு தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். 32 சதவீதத்துக்கு, ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.4 பார் என்ற எல்லையில், அதிகபட்ச ஆழம் 33 மீட்டர் சொச்சம். அதைச் சிலிண்டர் மேல் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். இரு திரையும் அணைந்தாலும் துணை டைவர் படிக்கலாம்.

பேட்டரி மாற்றுவதில் என்ன தவறு நடக்கிறது?

பெரும்பாலும் ஓ-ரிங்கில். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிய ஓ-ரிங் போடுங்கள். ஒரு தலைமுடி அதன்மேல் கிடந்தாலும் 20 மீட்டரில் நீர் உள்ளே வரும். பேட்டரியை எடுத்தால் சில மாடல்களில் நைட்ரஜன் கணக்கு அழிந்துவிடும். ஆகவே டைவ்களுக்கு இடையே மாற்றாதீர்கள், பயணத்துக்கு முன்பே மாற்றுங்கள். குளிர்ந்த நீரில் மின்னழுத்தம் விழும். கரையில் 'அரைப் பங்கு' என்று காட்டும் பேட்டரி கீழே எச்சரிக்கை அடிக்கலாம்.

டைவ் முடிந்து கருவிகளை எப்படிக் கழுவ வேண்டும்?

ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் தூசி மூடி இறுக்கமாக இருக்கட்டும், நன்னீரில் ஊறவையுங்கள். கம்ப்யூட்டரின் அழுத்த உணரித் துளையில் உப்பு கட்டினால் ஆழம் தவறாக வரும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் கரைந்துவிடும். ஊசியால் குத்தாதீர்கள், காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். உணரியின் சவ்வு கிழியும். நீரைத் தொட்டதும் தானாக எழும் மாடல்களில் உலோகத் தொடுபுள்ளிகளைத் துடைத்து உலர்த்துங்கள், ஈர உப்பு இருந்தால் பெட்டிக்குள்ளும் டைவ் மோடில் விழித்தே இருக்கும். வெயிலில் காயவைக்க வேண்டாம்.

பழைய கருவி வாங்கலாமா?

டயல் கேஜும் காம்பஸும் வாங்கலாம், பார்த்து வாங்கினால். ஹோஸின் முனை உறையைப் பின்னுக்குத் தள்ளி அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெடிப்பு ஒளிந்திருப்பது அங்கேதான். ஹோஸை எப்படியும் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள். காம்பஸில் பெரிய காற்றுக்குமிழி இருந்தால் எண்ணெய் கசிந்திருக்கிறது. கம்ப்யூட்டர் என்றால், அதன் பேட்டரி, மூடி, ஓ-ரிங் இன்னும் கிடைக்கிறதா, தயாரிப்பாளர் சர்வீஸ் தருகிறாரா என்று விசாரித்த பிறகே முடிவு செய்யுங்கள். டிரான்ஸ்மிட்டரை வாங்குவதற்கு முன் உங்கள் கம்ப்யூட்டரோடு இணைத்து, அழுத்தம் ஏற்றிய சிலிண்டரில் வைத்துப் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு தலைமுறைகள்கூடப் பல நேரம் ஒன்றோடொன்று பேசுவதில்லை.